மாசி வெயிலில் 23 பறவைகள்

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழேகால் மணிக்கு ஒரு மனுசன் கழுத்தில் பைனாகுலரை மாட்டிக்கொண்டு புதுக்குளத்துக் கரையில் நின்றால் புதுக்கோட்டையில் என்ன ஆகும்? போகிற வருகிற நாலு பேர் நின்று, "என்ன சார், குளத்துல ஏதாச்சும் விழுந்துருச்சா?" என்று விசாரிப்பார்கள். எனக்கும் அதேதான் ஆச்சு.

டாக்டர் நடக்கச் சொல்லி ஆறு மாசம். சர்க்கரை. சும்மா குளத்தைச் சுற்றி வருவதற்கு போரடிக்குதே என்று, பையன் எப்போதோ கிரிக்கெட் பார்க்க வாங்கி மூலையில் போட்ட பைனாகுலரைத் தூசி தட்டி எடுத்துக்கொண்டு போனேன். கூடவே மளிகைக் கணக்கு எழுதுகிற குட்டி நோட்டு ஒன்று. மாசி மாதம். பனி விலகி, முதுகில் இதமாகச் சுடுகிற வெயில். பங்குனி வந்தால் இதே வெயில் ஏழரைக்கே ஆளை விரட்டும்.

ஒரு மணி நேரம் அஞ்சு நிமிஷத்தில் நான் எழுதியது இது. நீர்க்காகம் 11, முக்குளிப்பான் 4, மடையான் 7, சின்னக் கொக்கு 3, வெண்மார்பு மீன்கொத்தி 2, சிறு மீன்கொத்தி 1, ஆள்காட்டி 2, வாலை ஆட்டிக்கொண்டே கரையோரம் ஓடின உள்ளான் 1. தண்ணீரை விட்டு மேலே பார்த்தால் காகம், அண்டங்காக்கை, மைனா, மாடப்புறா, கிளி, தவிட்டுக்குருவி, கரிச்சான், தேன்சிட்டு, செம்போத்து, பனை உழவாரன், தகைவிலான், கள்ளப்பருந்து, கூட்டமாகப் பறந்து போன சூறைக்குருவிகள். கண்ணில் படாமல் காதில் மட்டும் விழுந்தவை இரண்டு. குயில் ஒன்று. பாத்திரக்கடையில் சுத்தியலால் தட்டுகிற மாதிரி 'டொக் டொக்' என்று விடாமல் கத்தும் குக்குறுவான் இன்னொன்று. ஆக மொத்தம் 23.

ஒண்ணுமில்லை, எல்லாம் ஊரில் தினமும் பார்க்கிறதுதான். ஆனால் எண்ணிப் பார்த்தபோது எனக்கே ஆச்சரியம். ஐம்பது வருஷமாக இதே ஊரில் இருக்கிறேன். யாராவது கேட்டிருந்தால் காக்கா, குருவி, கொக்கு, மைனா என்று ஏழெட்டுக்கு மேல் சொல்லியிருக்க மாட்டேன்.

சிமெண்ட் பெஞ்சில் துண்டைப் போட்டு உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருத்தர் ரொம்ப நேரமாக என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன தம்பி எழுதுறீங்க?"

"பறவையை எண்றேங்கய்யா."

"எழுதி என்ன பண்ணப் போறீங்க?"

நல்ல கேள்வி. என்னிடம் பதில் இல்லை. அசடு வழிந்தேன். அவரே தொடர்ந்தார். "முன்னாடியெல்லாம் இதைவிட நெறைய வரும் தம்பி."

"எவ்வளவு வரும்ங்கய்யா?"

"நெறையன்னா நெறையத்தான். அதையெல்லாம் எவன் எண்ணுனான்?"

இந்தக் கடைசி வரி வீடு வரைக்கும் கூடவே வந்தது. நிஜமாகவே எவனும் எண்ணவில்லையா? எனக்கு முன்னால் இந்த ஊரில் பறவையைப் பார்த்தவர்கள் யார்? பார்த்ததை எங்காவது குறித்து வைத்தார்களா? அந்த வாரம் முழுக்க இதே வேலையாகத் திரிந்தேன். (ஆபீஸில் கேட்டால் ஜுரம் என்று சொல்லியிருக்கிறேன். யாரும் போட்டுக் கொடுத்துடாதீங்க :-))

முதலில் போனது சித்தன்னவாசல். ஊரிலிருந்து பதினாறு கிலோமீட்டர். பள்ளிக்கூட எக்ஸ்கர்ஷனில் போன எல்லோருக்கும் அங்கே ஞாபகம் இருப்பது ஆடல் மகளிர் ஓவியம்தான். நான் இந்த முறை அண்ணாந்து பார்த்தது அர்த்த மண்டபத்தின் கூரையை. ஒரு தாமரைக் குளம். மலர்ந்த பூ, மொட்டு, இலை, நடுவில் மீன்கள், யானை, எருமை, பூப்பறிக்கிற மூன்று ஆண்கள். அப்புறம் அன்னமும் வாத்து மாதிரியான நீர்ப்பறவைகளும். சமண மரபில் அருகனின் உபதேசம் கேட்கப் போகிறவர்கள் கடந்து போகும் குளம் என்று இதற்கு விளக்கம் சொல்கிறார்கள். மகேந்திரவர்மன் காலம் என்று முன்னால் சொல்லப்பட்டது. பாண்டியன் ஸ்ரீமாறன் ஸ்ரீவல்லபன் காலத்தில் மதுரை ஆசிரியர் இளங்கௌதமன் இந்தக் கோயிலைப் புதுப்பித்ததாகக் கல்வெட்டு கிடைத்த பிறகு, ஓவியம் 9-ஆம் நூற்றாண்டு என்று கொள்கிறவர்கள் அதிகம்.

எனக்குத் தோன்றியது வேறு. மதத்துக்காக வரைந்தாலும் அந்த ஓவியன் குளத்தை வேறெங்கே பார்த்திருப்பான்? சுற்றிலும் வானம் பார்த்த பூமி. மழைத் தண்ணீரைத் தேக்கி வைத்த ஏந்தலும் கண்மாயும்தான் அவனுக்குத் தெரிந்த குளம். அதன் கரையில் உட்கார்ந்து, பறவை எப்படிக் கழுத்தை வளைக்கிறது என்று பார்த்தவன்தான் அதை வரைந்திருக்க முடியும். நோட்டில்லை, பைனாகுலர் இல்லை. ஆனாலும் புதுக்கோட்டைச் சீமையில் பறவை பார்த்ததற்குக் கையில் கிடைக்கிற பழைய சாட்சி என்று நான் இதைத்தான் சொல்வேன். இதில் வருத்தம் என்னவென்றால், ஓவியத்தின் பெரும்பகுதி அழிந்தும் மங்கியும் போயிருக்கிறது. அன்னத்தின் சிறகு எங்கே முடிகிறது, காரை பெயர்ந்த இடம் எங்கே தொடங்குகிறது என்று சில இடத்தில் கண்டுபிடிப்பதே கஷ்டம்.

அன்னம் என்றதும் பிசிராந்தையார் ஞாபகம் வந்துவிட்டார். பாண்டி நாட்டுப் புலவர். உறையூரிலிருந்த கோப்பெருஞ்சோழனை நேரில் பார்க்காமலே நண்பரானவர். புறநானூற்று 67-ஆம் பாட்டில், குமரித் துறையில் மேய்ந்துவிட்டு வடமலைக்குத் திரும்புகிற அன்னத்திடம், வழியில் உறையூரில் இறங்கி என் பேரைச் சொல் என்கிறார். தமிழ் சாரிடம் படித்தபோது கற்பனை என்று விட்டுவிட்டேன். இப்போது படித்தால் ஒரு விஷயம் பளிச்சென்று தெரிகிறது. தெற்கே தங்கிவிட்டு வடக்கே திரும்புகிற பறவை அது. அப்படி ஒரு போக்குவரத்து நடக்கிறது என்று அந்தக் காலத்து ஆளுக்குத் தெரிந்திருக்கிறது! இன்றைக்கும் திருநெல்வேலிச் சீமையில் கூந்தன்குளத்துக்குப் பட்டைத்தலை வாத்து வருகிறது. குளிர்காலம் முடிந்ததும் இமயத்தைத் தாண்டி திபெத், மங்கோலியா பக்கம் போய்க் குஞ்சு பொரிக்கிறது. பிசிராந்தையார் பார்த்தது அதுதான் என்று நான் சத்தியம் பண்ண மாட்டேன். ஆனால் பாண்டி நாட்டிலிருந்து உறையூருக்கு ஒரு பறவை நேராகப் பறந்தால், சோழ பாண்டிய எல்லையான தெற்கு வெள்ளாற்றைத் தாண்டித்தான் போக வேண்டும். அதாவது நம்ம ஜில்லா மேலேதான்.

நான் பார்த்த சூறைக்குருவிக் கூட்டமும் அதே மாதிரி ஊர் திரும்பப் போகிற கும்பல்தான். சோளக்காட்டில் கூட்டமாக இறங்குவதால் சோளப்பட்சி என்றும் சொல்வார்கள். மத்திய ஆசியாவின் புல்வெளிகளில் குஞ்சு பொரித்துவிட்டு, ஆடி ஆவணியிலிருந்தே இந்தியாவுக்கு வர ஆரம்பித்துவிடும். சித்திரை வாக்கில் இடத்தைக் காலி பண்ணும். தகைவிலானும் உள்ளானும் அப்படித்தான். பறவை பார்க்க மாசி ஏன் நல்ல மாதம் என்பதற்கு இது ஒரு காரணம். வந்த விருந்தாளி இன்னும் கிளம்பவில்லை. உள்ளூர்க்காரக் குயில் கூவ ஆரம்பித்துவிட்டது. இன்னொரு காரணம் தண்ணீர். இந்தப் பக்கம் மழை என்றால் பெரும்பாலும் ஐப்பசி கார்த்திகை மழைதான். மார்கழியில் தளும்புகிற கண்மாய் மாசியில் சுருங்கும். ஓரத்தில் சேறு தெரியும். மீன் ஆழமில்லாத தண்ணீரில் ஒண்டும். கொக்குக்கும் உள்ளானுக்கும் பந்தி போட்ட மாதிரி.

சரி, அந்தப் பந்தியைப் போட்டது யார்? இங்கேதான் நம்ம ஊர் சரித்திரம் வருகிறது.

1812-ல் புதுக்கோட்டையில் பெரிய தீ. வீடுகள் எரிந்து போய், ஊரையே திரும்பக் கட்டினார்கள். இன்றைக்கு நாம் பெருமையடிக்கிற நேர்நேரான வீதிகளின் கதை அங்கே தொடங்குகிறது. அப்புறம் 1878-ல் திவானாக வந்தார் சேஷையா சாஸ்திரி. அதற்கு முன் திருவிதாங்கூரில் திவானாக இருந்தவர். 1894 வரைக்கும் இங்கே அவர் ராஜ்ஜியம்தான். குடிசைகளை அகற்றி ஊரை ஒழுங்குபடுத்தினார், கட்டடங்கள் எழுப்பினார், கூடவே சாந்தநாத சாமி கோயிலை ஒட்டின பல்லவன் குளத்தையும் புதுக்குளத்தையும் சீர்ப்படுத்தினார். திவான் நினைத்தது ஊர்த் தண்ணீரை. நீர்க்காகத்துக்கு மீன் வேண்டுமே என்று அவர் குளத்தைச் செப்பனிட்டிருக்க மாட்டார். ஆனால் நூற்று முப்பது வருஷத்துக்கு மேலாக அதில் முக்குளிப்பான் முழுகி எழுகிறது. ஊருக்கு வெளியே கவிநாட்டுக் கண்மாயையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்த மாவட்டத்தில் வற்றாத ஆறு ஒன்றும் கிடையாது. இங்கே நீர்ப்பறவை இருக்கிறது என்றால், யாரோ ஒருத்தன் எப்போதோ கரை போட்டிருக்கிறான் என்று அர்த்தம்.

ஆனால் கரை போட்டவன் பறவையைக் குறிக்கவில்லை. அந்தக் காலத்தில் பறவையைக் குறித்தவர்கள் துப்பாக்கியோடு வந்தவர்கள். மதராஸ் ராணுவத்தில் டாக்டராக இருந்த ஜெர்டான், தென்னிந்தியப் பறவைகளுக்கு 1839 வாக்கிலேயே ஒரு பட்டியல் போட ஆரம்பித்தார். 1862-64ல் இந்தியப் பறவைகள் பற்றிப் பெரிய புத்தகமே வந்துவிட்டது. சுட்டு, தோலை உரித்து, பஞ்சடைத்து, சீட்டுக் கட்டினால்தான் அன்றைக்கு அது ஆதாரம். திருக்கோகர்ணத்தில் இருக்கும் நம்ம மியூசியம் 1910-ல் சமஸ்தானம் ஆரம்பித்தது. அங்கே கண்ணாடிப் பெட்டிக்குள் பாடம் செய்த பறவைகளைப் பார்த்துவிட்டு வந்தேன். சின்ன வயசில் பயமாக இருக்கும். இப்போது பாவமாக இருந்தது. ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். அது எந்த ஊர்ப் பறவை, எந்தத் தேதி என்று ஒரு சீட்டு கூடவே இருந்தால், செத்த பறவையும் நூறு வருஷம் கழித்துச் சாட்சி சொல்லும். சீட்டு இல்லாவிட்டால் அது பஞ்சு பொம்மை.

சீட்டு தொலைந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஏ.ஓ.ஹ்யூம் கதையைக் கேளுங்கள். 1885-ல் காங்கிரஸ் கட்சி உருவாகக் காரணமாக இருந்த அதே ஹ்யூம்தான். மனுசனுக்குப் பறவைப் பைத்தியம். இந்தியா முழுக்க ஆள் வைத்துப் பல்லாயிரம் பறவைகளைச் சேர்த்தார். இருபத்தைந்து வருஷம் எழுதின குறிப்பெல்லாம் சிம்லா வீட்டில் இருந்தது. அவர் ஊரில் இல்லாத சமயம், வேலைக்காரர் ஒருத்தர் அந்தக் காகிதத்தையெல்லாம் கடைத்தெருவில் பழைய பேப்பர் விலைக்குப் போட்டுவிட்டார். எழுதத் திட்டமிட்டிருந்த பெரிய புத்தகம் அதோடு போச்சு. மனசு விட்டுப்போய், சேர்த்த பறவைகளை 1885-ல் லண்டன் மியூசியத்துக்குக் கொடுத்துவிட்டார். சிம்லாவில் யாரோ எத்தனை மாசம் பொட்டலம் கட்டினார்களோ!

சுடாமல் பார்க்கலாம், காட்டுக்குப் போகாமல் வாசலிலேயே பார்க்கலாம் என்ற எண்ணம் மெதுவாகத்தான் வந்தது. 1900-ல் இரண்டு காரியம் நடந்தது. பம்பாயில், சுங்க இலாகாவில் வேலை பார்த்த ஐட்கன் என்பவர் (இ.ஹெச்.ஏ. என்ற எழுத்துகளில் எழுதினவர்) நகரத்துச் சாதாரணப் பறவைகளைப் பற்றி மட்டுமே ஒரு புத்தகம் போட்டார். அதே வருஷம் அமெரிக்காவில் ஃபிராங்க் சாப்மன் என்பவர், கிறிஸ்துமஸ் அன்றைக்குப் போட்டி போட்டுப் பறவைகளைச் சுடுகிற வழக்கத்துக்குப் பதிலாக, எல்லோரும் எண்ணிப் பார்க்கலாமே என்று கூப்பிட்டார். முதல் வருஷம் வந்தது 27 பேர். அந்தக் கணக்கெடுப்பு இன்றைக்கும் நடக்கிறது. நம்ம நாட்டில் 1941-ல் சலீம் அலியின் இந்தியப் பறவைகள் புத்தகம் வந்த பிறகுதான் படம் பார்த்துப் பெயர் சொல்ல ஒரு தலைமுறை பழகியது. தமிழில் மா.கிருஷ்ணன். அ.மாதவையாவின் மகன். காக்கையையும் மைனாவையும் பற்றிக்கூட அலுக்காமல் எழுதலாம் என்று காட்டினவர். தியடோர் பாஸ்கரனையும், தமிழ்நாட்டுப் பறவைகளுக்குத் தமிழ்ப் பெயர்களைத் தேடித் தொகுத்த க.ரத்னத்தையும் இந்த வரிசையில் வைப்பேன். இவர்கள் இல்லாவிட்டால் நான் என் நோட்டில் முக்குளிப்பான் என்று எழுதியிருக்க மாட்டேன், 'தண்ணிக்குள்ள முங்குற குருவி' என்றுதான் எழுதியிருப்பேன்.

நோட்டே இல்லாமல் காப்பாற்றினவர்களும் உண்டு. பொன்னமராவதி தாண்டிப் போனால் சிவகங்கை மாவட்டம், வேட்டங்குடி. 1977-ல் சரணாலயமாக அறிவித்தார்கள். அங்கே கொள்ளுக்குடிப்பட்டிக்காரர்கள் பறவை பயந்துவிடும் என்று தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. வேடந்தாங்கல் ஜனங்கள் 1798-லேயே செங்கல்பட்டு கலெக்டர் லயனல் பிளேஸிடம் பறவையைச் சுடக்கூடாது என்று உத்தரவு வாங்கினவர்கள். பறவை எச்சம் விழுந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்பது அவர்கள் அனுபவம். அங்கெல்லாம் 'முன்னாடி வந்துச்சா' என்று கேட்டால் ஊரே பதில் சொல்லும். நம்ம மாதிரி டவுன்காரர்கள் பாடுதான் திண்டாட்டம். நம்மிடம் வழக்கமும் இல்லை, எழுத்தும் இல்லை.

இதை நான் ஏன் இவ்வளவு வருத்தத்தோடு சொல்கிறேன் என்றால், கஜா.

2018 நவம்பர் 16. புதுக்கோட்டைக்காரர்களுக்கு இந்தத் தேதியைச் சொன்னால் போதும், வேறு விளக்கம் வேண்டாம். வேதாரண்யம் பக்கம் கரை ஏறின புயல் நம்ம மாவட்டத்தைப் புரட்டிப் போட்டுவிட்டுப் போனது. ஆலங்குடி, கீரமங்கலம், கறம்பக்குடி பக்கம் தென்னையும் பலாவும் வாழையும் கொத்துக்கொத்தாகச் சாய்ந்தன. டவுனில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. எங்கள் தெருமுனையில் ஒரு தூங்குமூஞ்சி மரம் இருந்தது. ராத்திரி இரண்டு மணிக்கு அது விழுந்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. சாயங்காலம் ஆறு மணிக்கு அந்த மரத்தில் மைனாவும் காகமும் அடைய வந்தால் போனில் பேச முடியாது. 'இந்தச் சனியனுங்க' என்று எத்தனையோ முறை திட்டியிருக்கிறேன். புயலுக்கு மறுநாள் சாயங்காலம் மெழுகுவர்த்தியோடு வாசலில் உட்கார்ந்திருந்தேன். ஆறு மணி ஆச்சு. ஆறரை ஆச்சு. தெரு கப்சிப். மூன்று காகம் வந்து, மரம் இருந்த இடத்தைச் சுற்றிவிட்டுப் போனது.

அந்த மரத்தில் எத்தனை பறவை அடைந்தது? நூறா, ஐநூறா? இருபது வருஷம் அதன் கீழே வண்டி நிறுத்தினவன் நான். ஒரு நாளாவது எண்ணியிருக்கலாம். தென்னை போனதற்கும் வீடு போனதற்கும் கணக்கெடுத்து நிவாரணம் கொடுத்தார்கள். அது அவசியம், அதைக் குறை சொல்லவில்லை. பறவைக்கு என்ன ஆச்சு என்று என்னைக் கேட்டால், நானும் அந்தப் பெரியவர் மாதிரி 'நெறைய இருந்துச்சு' என்றுதான் சொல்ல வேண்டும்.

ஞாபகத்தை நம்பினால் என்ன ஆகும் என்பதற்குச் சிட்டுக்குருவியே போதும். பத்துப் பதினைந்து வருஷத்துக்கு முன்னால் செல்போன் டவரால் சிட்டுக்குருவி அழிந்தே போச்சு என்று எழுதாத ஆள் உண்டா? நானும் டீக்கடையில் அடித்துப் பேசினவன்தான். 2020-ல் இந்தியப் பறவைகளின் நிலை என்று ஓர் அறிக்கை வந்தது. நாடு முழுக்க 15,500-க்கும் மேற்பட்ட பறவை ஆர்வலர்கள் கொடுத்த ஒரு கோடிக்கும் அதிகமான குறிப்புகளை வைத்து 867 வகைப் பறவைகளை ஆராய்ந்தார்கள். சிட்டுக்குருவி பெரிய நகரங்களில் குறைந்திருக்கிறது, ஆனால் நாடு முழுக்கப் பார்த்தால் கடந்த 25 வருஷத்தில் பெரிதாகக் குறையவில்லை என்று தெரிந்தது. டவர்தான் காரணம் என்பதற்கு உறுதியான ஆதாரமும் இல்லையாம். அதே ஆராய்ச்சியின் 2023 அறிக்கையைப் பார்த்தால், நாம் யாரும் கவலைப்படாத பனங்காடை வேகமாகக் குறைந்துகொண்டு வருகிறது. கரண்ட் கம்பியில் உட்கார்ந்திருக்கும், பறந்தால் சிறகில் நீலம் பளீரிடும், அதேதான். நாம் அழுதது ஒரு பறவைக்கு, குறைந்தது இன்னொரு பறவை. எண்ணாமல் விட்டால் இப்படித்தான்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. என் 23-ல் சிட்டுக்குருவி இல்லை, பனங்காடையும் இல்லை. அதனால் புதுக்கோட்டையில் அவை இல்லை என்று நான் சொன்னால் அது மடத்தனம். மார்க்கெட் பக்கம் போயிருந்தால் குருவி இருந்திருக்கும், பனங்காட்டுப் பக்கம் போயிருந்தால் பனங்காடையும் இருந்திருக்கலாம். ஒரு நாள் பட்டியல் ஒன்றுமே சொல்லாது. அதே இடம், அதே மாசம், அதே நேரம் என்று பத்து வருஷம் எழுதினால்தான் அது பேச ஆரம்பிக்கும். தைல மரக் காடுகளால் கண்மாய்க்கு வரத்து குறைகிறது என்று இந்தப் பக்கத்து விவசாயிகள் ரொம்ப நாளாகச் சொல்கிறார்கள். கண்மாய் சீக்கிரம் வற்றினால் பறவை சீக்கிரம் கிளம்புமா? கேள்வி என்னிடம் இருக்கிறது. பதிலுக்கு எண் வேண்டும்.

அதற்கு இப்போது வழி சுலபம். 1998-ல் அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகமும் ஆடுபன் சொசைட்டியும், பிப்ரவரியில் நாலு நாள் வீட்டுக் கொல்லையில் பதினைந்து நிமிஷம் நின்று பறவையை எண்ணுங்கள் என்று ஆரம்பித்தார்கள். 2013-லிருந்து இந்தியாவும் அதில் சேர்ந்திருக்கிறது. தமிழ்நாட்டில் பொங்கல் சமயத்தில் தனியாக ஒரு கணக்கெடுப்பு 2015 முதல் நடக்கிறது. எண்ணினதை ஈ-பேர்ட் தளத்தில் ஏற்றிவிட்டால், தேதியோடும் இடத்தோடும் அது அங்கே கிடக்கும். ஹ்யூம் வீட்டுக் காகிதம் மாதிரி பொட்டலம் கட்டப் போகாது. நான் கரையில் நின்ற அந்த ஞாயிறு, பிப்ரவரிக் கணக்கின் நாலு நாளில் ஒன்று என்பதே எனக்குப் பிறகுதான் தெரியும்! உட்கார்ந்து ஏற்றினேன். புதுக்குளம், காலை 7.15 முதல் 8.20 வரை, 23 வகை. மைனாவையும் காகத்தையும் குத்துமதிப்பாகத்தான் போட்டேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

போன ஞாயிறு இருட்டோடு எழுந்து ஆறு மணிக்கே குளத்துக்குப் போனேன். பெரியவர் எனக்கு முன்னாலேயே பெஞ்சில் இருந்தார். நோட்டைக் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு பெயராக வாசித்தார். சித்தன்னவாசல் குளம், சேஷையா சாஸ்திரி, தூங்குமூஞ்சி மரம் எல்லாம் சொன்னேன். "கஜாவுல எங்க வீட்டுலயும் ரெண்டு மரம் போச்சு" என்றார். அப்புறம் கொஞ்ச நேரம் இரண்டு பேரும் பேசவில்லை.

திடீரென்று என் கையைத் தட்டினார். அங்கிட்டுப் புதர்ப் பக்கமிருந்து இரண்டு அசையில் ஒரு விசில். மறுபடியும் அதே விசில்.

"ஆறுமணிக் குருவி தம்பி. காலையில ஆறுக்கும் சாயந்தரம் ஆறுக்கும் கத்தும். சின்னப் பிள்ளையில எங்க கொல்லையில கேட்டது."

எவ்வளவோ தேடியும் பைனாகுலரில் அகப்படவில்லை. மாசி பங்குனி முடிந்தால் அதுவும் வடக்கே கிளம்பிவிடும். மணியைப் பார்த்தேன், 6.10. பெரியவர் என் நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எழுதிக்கிட்டீங்களா?"

டிஸ்கி: உங்கள் ஊர்க் குளத்தில் இந்த மாசியில் என்னென்ன இருக்கிறது என்று நீங்களும் ஒரு கால் மணி நேரம் எண்ணிப் பார்த்து ஒரு பதிவு போடுங்களேன். பெயர் தெரியாவிட்டால் பரவாயில்லை, எப்படி இருந்தது என்று எழுதுங்கள். யாருக்காவது தெரிந்திருக்கும். ஊரும் தேதியும் மட்டும் மறக்காமல் போடுங்க.